கொடுக்காத பால்

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பிய அன்று மத்தியானமே மச்சாள் எனக்குப் பால்சுறா வறை கொண்டுவந்தார்.

மச்சாள் என் கணவரின் அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. எங்கள் வளவுக்கு வருவதற்கு அவர் ஒருநாளும் வாசல் படலையைப் பாவித்ததில்லை. வேலியில் ஓர் ஆள் நுழையுமளவுக்கு இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்துதான் வருவார். அன்றும் அப்படித்தான், ஒரு கையில் தன் ஐந்து மாத மகனையும் மறு கையில் மூடிய கோப்பையையும் பிடித்தபடி வந்தார். எங்கள் தீவின் ஊர்காவற்றுறைக் கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுக்காத வீடு கிடையாது. தின்றால் பால் ஊறும் என்பார்கள். அது யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வருகிற ஏ-9 பாதை பூட்டின வருஷம். கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் எடுக்க வேண்டும். எடுத்தாலும் கரையை விட்டு அதிகம் தள்ளிப் போக விடமாட்டார்கள். அந்த நாட்களில் ஒரு பால்சுறாவைத் தேடி வாங்கி, அவித்து, உதிர்த்து, உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்து எடுத்து வந்திருக்கிறார் என்றால், என் மேல் அவருக்கு எவ்வளவு வாரப்பாடு என்பது எனக்குத் தெரியாமலில்லை.

சுறா வறை என்றால் எனக்கு உயிர். நான் பிறந்த நெடுந்தீவில், அம்மா சட்டியை இறக்க முன்னரே கையை விட்டு அகப்பைக் காம்பால் அடி வாங்கியவள் நான். ஆனால் அன்று வயிறு சரியில்லை என்று சொல்லிக் கோப்பையை மூடி வைத்தேன். மச்சாள் போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு கோழிக்குப் போட்டேன். சுறா தின்றால் உண்மையிலேயே பால் கூடுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. கூடுமென்றால் அது எனக்கு வேண்டாம். என்னிடமிருந்து ஒரு சொட்டுப் பாலும் என் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் நான் வீட்டுப் படி ஏறியிருந்தேன்.

அந்த முடிவு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் வெளிநாட்டில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டுச் சமாதான காலத்தில் ஊருக்கு வந்தவர். கலியாணம் முடிந்து அடுத்த வருஷம் அவருக்கு இருமல் பிடித்தது. கசாயம், தைலம், வேப்பெண்ணெய் என்று எல்லாம் பார்த்தும் விடவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனபோது கசம், அதாவது காசநோய் என்றார்கள். கசத்துக்கு மருந்தெடுக்கப் போனவரின் இரத்தத்தை வேறொன்றுக்காகவும் சோதித்தார்கள். பிறகு என்னையும் வரச்சொல்லி இரத்தம் எடுத்தார்கள். அப்போது எனக்கு நாலாம் மாதம். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்னார்கள். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதையை இத்தோடு மூடி வைக்கலாம். நான் ஒரு தடவை கேட்டேன், அவர் ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அதில் யாருக்கும் பங்கில்லை.

எங்களுக்குச் சொன்ன டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். குரலை உயர்த்தாமல், ஆனால் ஒன்றையும் மூடி மறைக்காமல் பேசுபவர். அவர் பேசி முடிக்க முன்னரே நான் குறுக்கே விழுந்து கேட்டேன்.

"பிள்ளைக்கும் வந்திட்டுதோ?"

"வந்தே இருக்கும் எண்டில்லை," என்றார். "ஒண்டும் செய்யாமல் விட்டாலும் எல்லாப் பிள்ளைக்கும் வாறேல்லை. ஆனா நாங்கள் சும்மா விடப் போறதில்லை. நான் சொல்லுறதை ஒண்டும் பிசகாமல் செய்வீரோ?"

"செய்வன்."

அவர் கடதாசியில் ஒரு வயிற்றைக் கீறிக் காட்டினார். தாயின் இரத்தத்தில் கிருமி எவ்வளவு கூடவோ பிள்ளைக்கு அவ்வளவு ஆபத்து. குளிசை அதைக் குறைக்கும், ஆனால் நேரம் தவறாமல் போட வேண்டும். தாய்க்கு உடம்பில் பலமில்லாவிட்டால், கசமோ வேறு தொற்றோ சேர்ந்தால், ஆபத்து ஏறும். பிள்ளை வயிற்றில் இருக்கும் மாதங்களை விட, பிறக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பொல்லாதது. பன்னீர்க்குடம் உடைந்து நேரம் போகப்போகப் பிள்ளை தாயின் இரத்தத்திலும் நீரிலும் கிடக்கும். ஆகவே வலி தொடங்க முன்னரே வயிற்றை வெட்டி எடுப்பது நல்லது. பிறந்த பிறகும் விடாது, பாலிலும் கிருமி இருக்கும். பால்மாவும் தாய்ப்பாலும் மாறி மாறிக் கொடுத்தால் அது இன்னும் மோசம், பால்மா பிஞ்சுக் குடலை நோகப்பண்ண, அந்த நோவுக்குள்ளால் கிருமி புகுந்துவிடும். எங்களூரில் பால்மாவும் வாங்கலாம், நல்ல தண்ணீரும் எடுக்கலாம், ஆகவே தாய்ப்பாலே வேண்டாம் என்றார். அதை அவர் சொல்லும்போது பாதை திறந்திருந்தது. சில மாதங்களில் யாழ்ப்பாணக் கடைகளில் பால்மா ரின் வைக்கும் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கும் என்று அந்த மனுசி கனவா கண்டார்?

வெளியே வந்ததும் என் கணவர் விறாந்தைப் படியில் குந்திவிட்டார். என்னால்தானே, என்னால்தானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் இல்லாமலில்லை. அந்த நேரம் அவர் தலையில் ஒரு தேங்காயைப் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் ஆத்திரப்படுவதற்குப் பிறகு நேரமிருந்தது, மருந்து கொடுக்கும் யன்னலைப் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். "அழுறதெண்டா வீட்டை போய் அழுவம், எழும்புங்கோ," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டில் நம்பிக்கையான மணிக்கூடு இருக்கவில்லை. கோயிலில் காலையிலும் மாலையிலும் செபத்துக்கு அடிக்கும் மணிதான் என் குளிசை மணி. ஊரெல்லாம் நெற்றியில் சிலுவை போடும்போது நான் வாயில் குளிசை போட்டேன். சண்டை தொடங்கி, ஊரடங்குப் போட்டு, மணி அடிக்க ஆளில்லாத நாட்களில் வானொலிச் செய்தியை வைத்து நேரம் பிடித்தேன். அந்தக் குளிசை குடலைப் பிடுங்கும். போட்டவுடன் சத்தி எடுத்தால் திரும்பவும் போட வேண்டும். திரும்பவும் எடுப்பேன், திரும்பவும் போடுவேன். ஏழாம் மாதத்திலும் ஒருத்தி இப்படிச் சத்தி எடுப்பாளா, உள்ளே இரட்டையோ என்று மச்சாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பகிடி பண்ணுவார். அவருக்கு நான் சொல்லியிருந்தது, நெஞ்சில் சளி, அதற்குக் குளிசை என்பது. தம்பிக்குக் கசம் என்று தெரிந்திருந்ததால் அவர் அதை நம்பினார். முட்டை, முருங்கையிலை, கணவாய் என்று எது கிடைத்தாலும் என் சட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார். என் அம்மா என் தங்கச்சியோடு இந்தியாவில் அகதி முகாமில் இருந்தார். தாய் இல்லாத இடத்தைத் தான்தான் பார்க்க வேண்டும் என்பது மச்சாளின் எண்ணம். அதை அவர் வாயால் சொன்னதில்லை.

பிறகு பாதை பூட்டினார்கள். தீவுப் பக்கம் ஷெல் விழுந்தது. யாழ்ப்பாணம் போகிற பண்ணை றோட்டு அடைபட்டது. நல்லவேளை, டொக்டர் கிளினிக்குக்குப் போன ஒவ்வொரு தடவையும் குளிசை கூடத்தான் தந்துவிட்டிருந்தார். ஆனால் குளிசை மட்டும் போதாதே. வலி வர முன்னர் நான் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வலி எப்போது வரும், றோட்டு எப்போது திறக்கும் என்று இரண்டையும் யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்த கையோடு, இனி இங்கே இருக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

மச்சாளுக்குக் கோபம் வந்தது. தன் பிள்ளைகள் எல்லாம் தீவு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார்கள், ஒன்றுக்கும் ஒரு குறையில்லை, யாழ்ப்பாணத்துக்கு ஓடுவதற்கு உனக்கு என்ன ராசாத்தி என்ற நினைப்போ என்று கேட்டார். என் கணவரும் நானும் காரைநகருக்குப் படகில் கடந்து, பரிசோதனை நிலையத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, அங்கிருந்து பஸ் எடுத்துப் போனோம். வைற்றமின் போத்தலுக்குள் போட்டு வைத்திருந்த குளிசையைக் காவலுக்கு நின்ற பெடியன் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பஸ் குலுங்கும்போதெல்லாம் வயிற்றைத் தடவி, இப்ப வராதை, இப்ப வராதை என்று பிள்ளையிடம் கெஞ்சிக்கொண்டே போனேன்.

அவள் சொல் கேட்டாள். வலி ஒன்றும் வர முன்னரே, டொக்டர் குறித்த நாளில், வெட்டி எடுத்தார்கள். பெண் பிள்ளை. அன்றே அவளுக்குப் பாணி மருந்து தொடங்கினார்கள். வாட்டில் மற்றத் தாய்மார் பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்திருக்க, நான் சின்னக் கோப்பையும் கரண்டியுமாக இருந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு, எனக்குப் போடும் மருந்து பாலில் இறங்குமாம் என்று சொன்னேன். சின்ன வயதிலேயே பார்க்கும் சோதனைக்கு இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும். அப்போது மனிதர் போவதே பெரும்பாடு. அதனால் பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும் வரை பொறுக்க வேண்டும் என்றார் டொக்டர். அதற்கு முன்னர் இங்கே சோதித்தால் தாயின் இரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் அவளுக்குள் கிடந்து பிழையாகக் காட்டும். கொஞ்ச ரின் பால்மாவும் அவரே எங்கோ கேட்டு எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று நாளைக்குள் எனக்குப் பால் கட்டியது. அதை எப்படி எழுதுவது? உடம்புக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை அழுதால் அது தன்பாட்டில் சுரக்கும். கோப்பைப் பாலை ஆற்றிக்கொண்டிருக்கும்போது சட்டை நனைந்து வயிற்றில் வழியும். அவள் என் மணத்துக்கு நெஞ்சில் முகத்தைத் தேய்த்து வாயைத் திறப்பாள். நான் கரண்டியை வைப்பேன். அவள் கரண்டியைத் துப்பிவிட்டுத் திரும்பவும் தேய்ப்பாள். ஒரு தடவை மட்டும், ஒரே ஒரு தடவை கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றாத நாளில்லை. அப்படித் தோன்றினால் பிள்ளையைக் கணவரின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு நிற்பேன்.

என் தம்பி ஒருவன் செத்துப் பிறந்தபோது அம்மாவுக்குப் பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினது எனக்கு நினைவிருந்தது. கோயில் பின்வேலியில் மழைக்காலத்திலும் அங்கொன்று இங்கொன்றாகப் பூக்கும் ஒரு கொடி நின்றது. கணவர் போய்ப் பிடுங்கி வந்தார். கசக்கி வைத்துப் பழஞ்சேலையால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை செத்த தாய்க்கு மட்டும்தான் அப்படிக் கட்டுவார்கள். கட்டும்போது என் பிள்ளை பக்கத்தில் கிடந்து கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கிணறு உவர். அதில் பால்மா கரைக்க முடியாது. கணவர் இருமலோடு சைக்கிளில் புளியங்கூடல் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றுக்குப் போய்க் கானில் நல்ல தண்ணீர் கொண்டுவருவார். தண்ணீர் கொதித்து, கோப்பையும் கரண்டியும் அதில் கிடந்து அவிந்த பிறகுதான் பால் கரைப்பேன். இந்த வருத்தத்துக்குத் தப்பினாலும் வயிற்றோட்டத்துக்குத் தப்பாத பிள்ளைகளைப் பற்றி டொக்டர் சொல்லிப் பயப்படுத்தியிருந்தார். அப்படி ஒருநாள் நான் குசினியில் தண்ணீர் கொதிக்கக் காத்து நிற்க, அறையில் பிள்ளை வீரிட்டு அழுதாள். பிறகு திடீரென்று அழுகை நின்றது.

போய்ப் பார்த்தால் மச்சாள் பாயில் இருந்து அவளைத் தன் நெஞ்சில் பிடித்திருந்தார். மடியில் ஒரு பக்கம் அவருடைய மகன், மறுபக்கம் என் மகள். அவள் கண்ணை மூடி இழுத்து இழுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் பாய்ந்து பறித்தேன். பறித்த வேகத்தில் பிள்ளை கத்தினாள், என் கட்டு நெகிழ்ந்து, வாடிக் கறுத்த மல்லிகைப்பூ பாயில் கொட்டியது. மச்சாள் பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை உயிரோடை இருக்கேக்கை மல்லிகை கட்டுறியோ," என்றார். "என்ன சென்மமடி நீ?"

அவ்வளவுதான் சொன்னார். தன் மகனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரமே வேலிப் பொட்டில் பனையோலை வைத்து அடைத்துக் கட்டியிருந்தது.

தன் பாலை நான் அருவருத்தேன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு இருந்த பயம் வேறு. டொக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு ஒருவேளை வந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு வேறொருத்தி பால் கொடுப்பதும் நல்லதில்லை. பிள்ளையின் வாயில் புண், கொடுப்பவளின் முலையில் வெடிப்பு என்று இருந்தால் கிருமி மற்றப் பக்கமும் போகலாம். மிக அரிது, ஆனாலும் போகலாம். அதை என்னிடம் சொன்னார்கள். மச்சாளிடம் யார் சொன்னார்கள்? அவர் மடியில் கிடந்த அவர் மகனிடம்?

அவருக்குச் சொல்ல வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். பார்த்தும் பாராமலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மனுசன் அன்று மட்டும் குறுக்கே நின்றார்.

"அக்காட்டை மட்டும் சொல்லாதையும்," என்றார். "ஊரிலை இருக்கேலாமல் போயிடும். பிறகு கடலுக்கை போய் விழத்தான் வேணும்."

எனக்கும் பயம்தான். எங்களைப் போன்றவர்களை வீட்டோடு கொளுத்த வந்த கதைகளைக் கிளினிக்கில் கேட்டிருந்தேன். அன்று பால்மா ரின்னில் அடி தெரிந்துகொண்டு வந்தது. கடைகளில் கிடையாது. கூட்டுறவுச் சங்கக்கடையில் கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பங்கீட்டு அட்டைக்கு ஒரு ரின் கொடுப்பார்கள், அது வந்தால் உண்டு. மச்சாளைப் பகைத்துக்கொண்டும் வாழ முடியாது, சொல்லிவிட்டும் வாழ முடியாது என்பது கணவரின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கில் மச்சாளின் உடம்பு இல்லை. என் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நான் இவ்வளவு பாடுபடுகிறேன். அதே நேரம் இன்னொரு தாயை இருட்டில் விட்டால் நான் யார்? காலையில் பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் படலையால் சுற்றிப் போனேன்.

மச்சாள் திண்ணைக் குந்தில் இருந்து மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்.

"மச்சாள், என்ரை பால் பிள்ளைக்கு ஆகாது. என்ரை இரத்தத்திலை எயிட்ஸ் கிருமி இருக்கு. பாலிலையும் இருக்கும். அதுதான் கட்டினனான்."

அவர் மகனை மெதுவாக விலக்கி, சட்டையை மூடிக்கொண்டார்.

"தம்பிக்கும் இருக்கோ?"

"ஓம்."

பிறகு அவர் குரல் மாறி வந்தது.

"அண்டைக்கு உன்ரை பிள்ளை என்னிலை வாய் வைச்சவள்."

"அதுதான் சொல்ல வந்தனான். ஒண்டும் வந்திராது எண்டுதான் நினைக்கிறன். ஆனா நீங்கள் சோதிக்க வேணும். நான் கூட்டிக்கொண்டு போறன்."

மச்சாள் எழும்பி வந்து கையை ஓங்கினார். நான் முகத்தைத் திருப்பவில்லை. அடித்திருந்தாலும் பரவாயில்லை, வாங்கியிருப்பேன். கை அப்படியே நின்று, இறங்கியது. போ என்றார். போனேன்.

இரண்டு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அசுமாத்தமும் இல்லை. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் ஊர் திரண்டு வருகிறது என்று கணவர் எழும்பி எழும்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் மச்சாள் வெளிக்கிட்டுக்கொண்டு படலையால் வந்தார், ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டார். பண்ணை றோட்டு அப்போது திறந்திருந்தது. கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அவரைத் தனியே வைத்து நெடுநேரம் கதைத்தார். பிள்ளையின் வாயில் புண் இருக்கவில்லை, குடித்தது கொஞ்ச நேரம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் இப்போது ஒருதடவையும் சில மாதம் கழித்து ஒருதடவையும் பார்ப்போம் என்றாராம். திரும்பும்போது மச்சாள் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு, "நீ ஏன் உதை முதல்லை சொல்லேல்லை?" என்று கேட்டார். பயம் என்றேன்.

முதல் சோதனையில் அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகு பார்த்ததிலும் ஒன்றுமில்லை. ஆனால் அவர் பின்னதற்காகக் காத்திருக்கவில்லை. முதல் பதில் வந்த மறுநாள் காலை வேலியில் சரசரவென்று சத்தம் கேட்டது. பனையோலையை இழுத்து எறிந்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார். கையில் உடைக்காத பால்மா ரின் ஒன்று. சங்கக்கடையில் அவர் மகனின் அட்டைக்குக் கிடைத்தது.

"அவன் என்னிலை குடிப்பான்," என்றார். "எனக்கு இருக்கு. இதை இவளுக்குக் கரை."

நான் வாங்க மறுத்தேன். அப்போதுதான் அவர் என்னைப் பேசினார், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து. நான் ஒரு கல்நெஞ்சுக்காரி, நெடுந்தீவுக் குதிரை மாதிரிப் பிடிவாதக்காரி, சுறா வறையைக் கோழிக்குப் போட்ட பாவி, தன் தம்பி ஒரு மண்டைப் பிழை, எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே அடுப்பை மூட்டி, தண்ணீர் வைத்து, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், கோப்பையை எப்படி அவிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். எனக்குக் குளிசைக்கு நேரமாகிவிட்டது என்பதை அன்று அவர்தான் நினைவுபடுத்தினார்.

ஊர் சும்மா இருக்குமா? பெற்ற தாய் பால் கொடுக்காமல் ரின்னில் வளர்க்கிறாளே என்ற கதை கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் ஓடத் தொடங்கியது. சங்கக்கடை வரிசையில் ஒருத்தி மச்சாளிடமே நேரே கேட்டாள். நான் இரண்டு ஆள் பின்னால் நின்றேன்.

"ஆர் சொன்னது?" என்றார் மச்சாள், வரிசை முழுக்கக் கேட்க. "வயித்தை வெட்டினதிலை அவளுக்குப் பால் வத்திப்போச்சு. ரெண்டும் என்னிலைதான் குடிக்குதுகள். ரின்னைக் கரைச்சு நான்தான் குடிக்கிறன். ரெண்டு பேருக்குக் குடுக்கிறவளுக்குப் பலம் வேண்டாமோ?"

சிரித்தார்கள். மாடு மாதிரித்தான் இருக்கிறாய், குடு குடு என்று பகிடி பண்ணினார்கள். அதோடு கதை முடிந்தது. ஆனால் அந்தப் பொய்யை நின்று பிடிக்க வேண்டுமே. இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பாலை மறக்கடிக்க முடியாது. மகனுக்கு ஒரு வயதானது, ஒன்றேகாலானது. அவன் சோறு தின்னத் தொடங்கினான், ஓடித் திரிந்தான், பல் முளைத்து மச்சாளைக் கடித்தான். அவரும் விடவில்லை. கடித்த புண்ணுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு குந்தில் இருந்து கொடுத்தார், வீதியால் போகிறவர்கள் பார்க்கும்படி. ஒவ்வொரு மாதமும் அவன் அட்டையின் ரின் பொட்டுக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு மாதம் சங்கக்கடைக்குச் சாமானே வரவில்லை. அந்த மாதம் அவர் கணவர் மழைக்கும் ஊரடங்குக்கும் நடுவில் புங்குடுதீவு வரை போய் எங்கோ ஒரு ரின் தேடி வந்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அந்த ஒன்றரை வருஷம் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதுதானோ என்று நினைப்பேன். வாயில் வெள்ளை படிந்தால் நாக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். அவள் எடை ஏறாத மாதத்தில் எனக்கும் சோறு இறங்காது. ஆனால் வாயில் வைக்கிற குளிசையை ஒருநாளும் தள்ளிப் போடவில்லை, தண்ணீரை ஒருநாளும் அரைகுறையாகக் கொதிக்க வைக்கவில்லை. நான் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்றால் அதை முழுக்கச் செய்துவிடுவது என்று இருந்தேன். கடவுளிடமும் அப்படித்தான் சொன்னேன். என் பங்கு இது, முடிந்துவிட்டது, இனி உம்முடைய பங்கைப் பாரும் என்று. அவர் கோபித்திருக்க மாட்டார்.

சோதனைக்குப் போன அன்று அவள் தன் கையைத் தானே நீட்டினாள், ஊசியைப் பார்த்த பிறகுதான் அழுதாள். பதில் எடுக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். டொக்டர் எங்களை இருத்த முன்னரே சொல்லிவிட்டார், பிள்ளைக்கு இல்லை. என் கணவர் அதைத் திரும்பச் சொல்லுங்கோ என்றார். அவர் திரும்பவும் சொன்னார். நான் மேசையில் தலையை வைத்து, அந்த அறைக்குள் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதேன். மகள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

ஊருக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. மச்சாள் பொட்டுக்குள் பாதி உடம்பை விட்டபடி நின்றார்.

"இல்லை, மச்சாள்," என்றேன். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை."

அவர் தலையை ஆட்டினார், கண்ணைத் துடைக்கவுமில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவுமில்லை. திரும்பித் தன் முற்றத்து வேம்புக்குப் போய்க் கை நிறையக் குருத்துப் பிடுங்கினார். அம்மியில் வைத்து அரைத்தார். அங்கேயே இருந்து சட்டையை விலக்கி இரண்டு முலையிலும் அப்பிக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். இரண்டு வயதாகப் போகிற அந்தத் தடியன் ஓடி வந்து வாய் வைத்தான். வைத்தவன் துப்பிவிட்டு வானம் அதிர அழுதான்.

"காணுமடா," என்றார் மச்சாள். "உன்ரை குட்டி மச்சாள் தப்பியிட்டாள்."

அவன் அழுகையை நிறுத்தவில்லை. அந்த மாதத்து ரின் எங்கள் குசினித் தட்டில் இருந்தது. அதை எடுத்துவந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, கோப்பையை அவித்துக் கரைத்துக் கொண்டுபோனேன். தன் அட்டைக்கு வந்த பால்மாவை அவன் முதல் தடவையாகக் குடித்தது அன்றைக்குத்தான்.